வயிற்றுக்காரர்களுக்குச் சன்னலோரம்

விடிவதற்கு முன்பே அந்த மஞ்சள் வேன் எங்கள் அடுக்குமாடியின் கீழே வந்து நின்றுவிடும். அதை ஓட்டுகிற அக்கா ஹார்ன் அடிக்க மாட்டார். முன்விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார். பிள்ளைகள் புத்தகப் பையை இழுத்துக்கொண்டு வேனின் படியேறும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எங்க?"

சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் செய்தாயா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்க என்றால் உடம்பில் எங்கே என்று பொருள். பிள்ளைகளுக்கு அது தெரியும். ஒருத்தி வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். ஒருவன் தாடை என்பான். இன்னொருத்தி தொண்டை என்று முணுமுணுப்பாள். சிலர் எங்கேயும் இல்லை என்று கையை விரிப்பார்கள். பதிலைக் கேட்டதும் அவர் உட்கார வேண்டிய இடத்தைச் சொல்வார்.

வயிற்றுக்காரர்களுக்குச் சன்னலோரம். ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த அந்தச் சன்னல்தான் முழுதாகத் திறக்கும். அதன் கொக்கியில் பாசாரில் காய்கறி போட்டுத் தருகிற சிவப்பு பிளாஸ்டிக் பை எப்போதும் தொங்கும். தொண்டைக்காரர்களுக்கு நடு வரிசை. அழுகை தொண்டைவரை வந்து நின்றுவிட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில், அதிகம் பேசாத பெரிய வகுப்புப் பெண் யாரையாவது உட்கார வைப்பார். கை, கால், தாடை என்று சொல்பவர்கள் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். அங்கே உதைக்கலாம், குத்தலாம். இருக்கைகள் ஏற்கெனவே கிழிந்தவைதான். எங்கேயும் இல்லாதவர்கள் மிச்சமிருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

இதனால் யாருக்கும் நிரந்தரமான இடம் கிடையாது. பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் மாடியில் குடியிருந்த ஒருவர் ஒருநாள் காலையிலேயே கீழே இறங்கி வந்து சண்டை பிடித்தார். பையனுக்கு முன் இருக்கை வேண்டும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லி வைத்திருந்தாராம்.

"இன்னிக்கு அவனுக்குக் கையில தம்பி. முன்னால உட்கார வச்சா பென்சிலால என் பின்கழுத்துலதான் குத்துவான். வேணும்னா நீங்க வந்து முன்னால உட்காருங்க."

அந்த மனிதர் மேலே போய்விட்டார்.

இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள் யாழினி. ஐந்தாம் படிவம் படிக்கிறாள். போன மாதம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்கு முன்னோட்டத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. உதடு மரத்துப்போய், இரண்டு கை விரல்களும் கொக்கி மாதிரி உள்ளே மடங்கிக்கொண்டனவாம். ஆசிரியை பிரித்துவிடப் பார்த்தும் முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக் கூட்டம் ஒன்றில் இருந்தேன். அங்கிருந்து மருத்துவமனைவரை எப்படிக் கார் ஓட்டினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

இதயப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, இது பேனிக் அட்டாக்தான் என்று இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். என்ன உணர்ந்தாய் என்று அவர் கேட்டதற்கு, யாழினி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தெரியலை என்றாள். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று கேட்டால் ஒரு தாய்க்கு நிம்மதி வர வேண்டும். எனக்கு வரவில்லை. ஒன்றுமில்லை என்றால் அந்த விரல்களை மடக்கியது எது?

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "ஓகே மா" என்பாள். சோறு போடட்டுமா என்றாலும் அதுதான், தூங்கினாயா என்றாலும் அதுதான். மறுபடி அது வரும் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வரும்போது அவளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவள் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். போன சனிக்கிழமைவரை அது மட்டும் நடக்கவில்லை.

ஆனால் ஏழு வயதில் இதே பெண் ஒரு வேனின் படியில் நின்றுகொண்டு, இருட்டில், தினமும் அதைச் சொன்னாள். எனக்கல்ல, அவருக்கு.

பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் வேன் ஆன்ட்டி, எங்களுக்கு அக்கா. பஞ்சாபிக் கால்சட்டைக்கு மேல் ஆண்கள் போடுகிற கட்டம் போட்ட சட்டை. தோளில் ஒரு துண்டு. நல்ல கனத்த உடம்பு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் வேன் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாயும். பட்டறைக்காரச் சீனரிடம் ஹொக்கியனில் வாக்குவாதம் செய்வார். எங்களிடம் தமிழில் பேசும்போது சாலையைத்தான் பார்ப்பார். வேன் நின்றுகொண்டிருந்தாலும் சாலையைத்தான் பார்ப்பார். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

இந்தக் கேள்வி எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். எல்லாம் வாந்தியால் வந்தது என்றார். வேன் வாங்கிய புதிதில் வாரத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது வாந்தி எடுத்துவிடுவார்களாம். வளைவுகளில் மெதுவாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார். வாசனைக் கட்டியைத் தூக்கி எறிந்து பார்த்திருக்கிறார். பிறகுதான் கவனித்தாராம், அதே பிள்ளை, அதே சாலை, ஆனால் சொல்வதெழுதுதல் இருக்கிற நாளில் மட்டும் வாந்தி.

"ரோட்டுல இருந்து வர்ற வாந்தி வேற, பள்ளியில இருந்து வர்ற வாந்தி வேற. ரெண்டாவதுக்கு நான் மெதுவா ஓட்டினா அதிகமாத்தான் வரும்."

பயம், கோபம், கவலை என்ற சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யாராவது தன் பையன் கோபக்காரன் என்று சொன்னால், தாடையிலா கையிலா என்று விசாரிப்பார். ஒரு பிள்ளையிடம் ஏன் என்று கேட்க மாட்டார். ஏன் கேட்பதில்லை என்று நான் கேட்டேன்.

"ஏன்னு கேட்டா கதை சொல்லும். கதை சொன்னா அழும். எனக்குப் பள்ளி மணி அடிக்கிறதுக்குள்ள இன்னும் மூணு பிளாட் போகணும்மா. பயம்னு சொன்னா நான் அதுக்கு என்ன பண்ண முடியும், சொல்லு. வயிறுன்னா சன்னலைத் திறப்பேன்."

சன்னலைத் திறந்து, ஓர் அசாம்போயும் தருவார். உப்பும் புளிப்புமாக இருக்கும் அந்தக் காய்ந்த பிளம் பழங்கள், கியருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் எப்போதும் இருக்கும். வயிற்றுக்காரர்கள் அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு பள்ளிவரை போய்விடுவார்கள். அசாம்போய்க்காகவே வயிறு என்று சொன்னவர்களும் உண்டு. அவர் அதற்குக் கணக்குப் பார்க்கவில்லை.

தனக்கு எங்கே என்பதையும் அவர் சொல்லிவிடுவார். இன்றைக்கு ஆன்ட்டிக்குத் தோள், பின்னால் யாரும் கத்தக்கூடாது என்று வேனைக் கிளப்புவதற்கு முன் அறிவிப்பார். அன்று கடைசி வரிசைகூட அமைதியாக இருக்கும். ஒருநாள் யாழினி வீட்டுக்கு வந்து, ஆன்ட்டிக்கு இன்று எங்கேயுமே இல்லையாம் என்றாள். நல்லதுதானே என்றேன். இல்லை மா, அது இல்லாத இல்லை என்று ஏதோ குழப்பமாகச் சொன்னாள். மறுநாள்தான் தெரிந்தது, அவருடைய தம்பி மாக் மண்டினில் வேலை முடிந்து வரும் வழியில் விபத்தில் போய்விட்டார். சாவு வீட்டுக்குப் போவதற்கு முன் அன்றைய காலைப் பயணத்தை ஓட்டி முடித்திருக்கிறார். ஒரு பிள்ளையும் வேனில் வாய் திறக்கவில்லையாம்.

கார் பட்டறையில் இருந்த ஒருநாள், பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்காக நானும் அந்த வேனில் போனேன். எங்கேயும் இல்லாதவர்களோடு ஒண்டிக்கொண்டேன். கிரீன் லேனில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். பின்விளக்கு ஒன்று எரியவில்லை. அதற்கு அவர் போட்ட சத்தம் கொஞ்சம் அதிகம்தான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முன்னால் சாலையைப் பார்த்தபடியே, மலாய் மொழியில் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். எங்கே வலிக்கிறது என்று. எனக்கு உயிரே போய்விட்டது. போலீஸ்காரர் பேச்சை நிறுத்தினார். தொப்பியைக் கொஞ்சம் தூக்கி, நெற்றிப்பொட்டைத் தொட்டு, "கெப்பாலா" என்றார். காலையிலிருந்தே தலை என்றார். பிறகு சம்மனை எழுதிக் கொடுத்தார்.

வேன் கிளம்பியதும் நான் சிரித்தேன். கேட்டும் பலனில்லையே என்றேன்.

"தலைக்காரன் எழுதத்தான் செய்வான். நான் கேட்டது சம்மனுக்காகவா?" என்றார்.

எனக்கு அவர்மேல் இருந்தது மரியாதையா பொறாமையா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது. யாழினி பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தில், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் எங்க என்கிறார், என் மகள் தொண்டை என்கிறாள். எனக்கு அது புதுச் செய்தி. மாடியில் தலை சீவிவிட்டபோது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்டில் சொல்லவில்லை. அவரிடம் சட்டென்று சொல்லிவிட்டு நடு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. காலணி அளவு கேட்டுக்கொண்ட கடைக்காரர் மாதிரி தலையசைத்தார். நான் அலுவலகம் போகும் வழி முழுக்க, தொண்டை என்றால் என்ன, யார் என்ன சொன்னார்கள், டான்சிலா, டீச்சரா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பிறகுதான் அந்தச் சம்பவம் நடந்தது.

வேனில் வந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தேர்வு வாரத்தில் தொடர்ந்து வயிறு என்று சொன்னாள். அந்த வாரம் பாதி வேனே வயிறுதான். சன்னலோரத்தில் இருவர் இருவராக நெருக்கி உட்கார்ந்து போனார்கள். அவளுக்கும் அசாம்போய் கிடைத்தது. கணிதத் தேர்வு அன்று பள்ளியில் சுருண்டு விழுந்தாள். குடல்வால் வெடித்திருந்தது. அறுவை செய்து பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் வெகுநாள் மருத்துவமனையில் கிடந்தாள்.

பெற்றோரின் வாட்ஸாப் குழு எரிந்தது. அந்தப் பெண்ணின் அப்பா ஒரு காலை எங்கள் மாடிக்குக் கீழேயே வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியாக ஒன்று கேட்டார்.

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்லைங்க."

ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

அந்த வாரமே பலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நானும் நிறுத்தினேன். என்னைப் போன்ற ஒருத்திக்கு அதற்குமேல் காரணம் தேவையில்லை. வேலைக்குத் தாமதமாக வர அனுமதி வாங்கிக்கொண்டு யாழினியை நானே காரில் கொண்டு விட்டேன். காரில் ஏறியதும் அக்காவின் கேள்வியை நான் கேட்டேன். அதுதானே வித்தை, நமக்குத் தெரியாதா என்று நினைத்தேன். எங்க என்று திரும்பிப் பார்த்துக் கேட்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முழங்கால்," என்றாள்.

மறுநாளும் முழங்கால். அதற்கடுத்த நாளும். நான் தைலம் தேய்த்தேன். பள்ளிக் காலணியை மாற்றினேன். உடற்பயிற்சி வகுப்புக்கு விலக்குக் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். பிறகு எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வளரும் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று சொல்லி, நான் விடாமல் கேட்டதனால், முட்டிக்குப் போடுகிற ஓர் உறையை எழுதிக் கொடுத்தார். என் மகள் அதையும் போட்டுக்கொண்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பள்ளிக்குப் போனாள்.

ஜெலுத்தோங் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அக்காவைப் பார்த்தேன். கண்டும் காணாததுபோல் போகப் பார்த்தேன். அவரே வந்து, யாழினி எப்படி இருக்கிறாள் என்றார். முழங்கால் வலி தீரவில்லை என்று நான் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். படம், உறை, மருத்துவர். அவர் மீன்காரரின் தராசைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"முழங்காலா? அதுக்கு எப்பவும் தொண்டைதான."

"இல்லக்கா, அவளேதான் சொல்றா. தினமும் கேட்கிறேனே."

"நீ கேட்டதும் அது உன் மூஞ்சியப் பார்க்குதா?"

நான் மீன் பையை மறு கைக்கு மாற்றினேன்.

"உன் மூஞ்சி தாங்குற இடமாப் பார்த்துச் சொல்லுதும்மா. வயிறுன்னா நீ கிளினிக்குக்கு ஓடுவ. நெஞ்சுன்னா நீ அழுதுடுவ. முழங்கால்னா நீ தைலம் தேய்ப்ப, அதோட போச்சு. சின்னப் பிள்ளை, பாவம், உனக்காகப் பார்த்துப் பார்த்து ஒரு இடம் வச்சிருக்கு."

எனக்குக் காது மடல்கள் சுட்டன. ஒரு பிள்ளையின் குடல்வாலைக் கவனிக்காமல் விட்டவர் எனக்குச் சொல்ல வந்துவிட்டாரா என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஆனால் அவர் என் பக்கம் திரும்பாமலேயே, "இப்ப உனக்குக் காது," என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, அவரே அதற்கு வந்தார்.

"அன்னிக்கு அந்தப் பிள்ளை கைய வச்ச இடம் மாறியிருந்துச்சு. நடு வயிறு இல்ல, வலது பக்கம் கீழ. கண்ணாடியில பார்த்தேன். பார்த்துட்டும் ஓட்டினேன், பரீட்சைதானன்னு. இப்ப ஒவ்வொரு வாட்டி கியர் மாத்தும்போதும் இந்த மணிக்கட்டுல வருது. இது போகாது. போகவும் வேணாம்."

இடது மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக் காட்டினார். அதில் வீக்கமோ காயமோ எதுவும் இல்லை.

யாழினியை மறுபடியும் அந்த வேனில் அனுப்பினேன். என் கணவர் யோசித்துதான் செய்கிறாயா என்று கேட்டார். யோசித்துச் செய்யவில்லை. முழங்கால் உறையைப் போட்டுக்கொண்டு காரில் என் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து வந்த பிள்ளையை என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். வேனில் சில மாற்றங்கள் நடந்திருந்தன. அசாம்போய்ப் புட்டியைக் காணோம். யாராவது வயிறு என்று சொன்னால் அவர் இறங்கி வந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில், தன் கையால் நாலு பக்கமும் அழுத்திப் பார்ப்பார். சந்தேகமாக இருந்தால் பிள்ளையை வேனில் ஏற்ற மாட்டார். மேலே போய்க் கதவைத் தட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் வருவார். இதனால் வேன் அடிக்கடி தாமதமாகியது. பள்ளியில் கண்டித்தார்கள். கதவு தட்டி எழுப்பப்பட்ட பெற்றோர்களும் திட்டினார்கள். அவர் அந்த வழக்கத்தை விடவில்லை.

யாழினி முதல் நாள் ஏறியபோது, எங்க என்றார். தொண்டை என்றாள். நடு வரிசைக்குப் போனாள். முட்டியில் இருந்த உறையை அவளே கழற்றி என்னிடம் சன்னல் வழியாக நீட்டினாள்.

வீட்டில் நான் கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்திருக்கிறேன். மகள் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ள முயல்வேன். பழகிய முகம் பழகாத முகத்தைவிடப் பயங்கரமாக இருந்தது. விட்டுவிட்டேன். அவள் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். பள்ளிப் பேருந்து, பிறகு நண்பர்களோடு கிராப் வாடகைக் கார் என்று மாறியது. அக்கா வேனை விற்றுவிட்டுக் கூலிமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் விசாரித்துப் போகவில்லை. இந்த மாதம் மட்டும் எத்தனையோ முறை போய்விடலாமா என்று தோன்றியிருக்கிறது. போய் என்ன கேட்பது? பதினேழு வயதுப் பெண்ணை வேனில் ஏற்றி விடுங்கள் என்றா?

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் யாழினியின் அத்தை வீட்டில் மதியச் சாப்பாடு. என் கணவர் வேலை முடிந்து அங்கேயே நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நானும் அவளும் காரில் கிளம்பினோம். தீவிலிருந்து கடலைத் தாண்டும் பாலத்தில் ஏறும்போதே நல்ல காற்று. மோட்டார் சைக்கிள்காரர்கள் எங்கள் பாதைக்குள் வெட்டி வெட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாலத்தில் ஓட்டுவது எப்போதும் பயம். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வானொலிகூடப் போடவில்லை. அவளிடம் ஒன்றும் கேட்கவுமில்லை.

பாலத்தின் உயரமான பகுதி வந்தபோது அவள் பேசினாள்.

"அன்னிக்குக் கைதான் முதல்லன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கை இல்ல மா. முதல்ல கால்."

நான் ம் என்றேன்.

"பாதம் ரெண்டும் இல்லாம போயிடும். இருக்கு, ஆனா என்னுது இல்ல. அப்புறம் முதுகுல இங்க, யாரோ ஐஸ் தண்ணி ஊத்துற மாதிரி மேல ஏறும். கீழ வராது, மேலதான் ஏறும். வாய்ல காசு வச்ச மாதிரி ஒரு டேஸ்ட் வரும். அது வந்துட்டா எனக்குத் தெரியும், இன்னும் கொஞ்ச நேரத்துல மூச்சு வராதுன்னு."

ஒரு லாரி பக்கத்தில் போனது. அது போகும்வரை அவள் நிறுத்தியிருந்தாள். என் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றது. காரை எங்காவது ஓரம்கட்டி அவளைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பாலத்தில் நிறுத்த முடியாது. கண்ணை எடுக்கவும் முடியாது. எப்போதிருந்து என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதையும் விழுங்கினேன்.

"போன வருஷத்துல இருந்தே வருது," என்று அவளே சொன்னாள். "சின்னதா. டாய்லெட்டுல போய் உட்கார்ந்துக்குவேன், போயிடும். உங்ககிட்ட சொல்லலாம்னு நிறைய தடவை வந்தேன். நீங்க திரும்பிப் பார்ப்பீங்க மா. அந்தப் பார்வையப் பார்த்ததும் எனக்கு இன்னும் அதிகமாயிடும். அதான்."

"ம்."

"இப்பகூடத் திரும்பாதீங்க."

"திரும்பல."

பாலம் இறங்கியது. என் கண்ணில் நீர் நிரம்பிச் சாலைக் கோடுகள் ஆடின. இமைத்து இமைத்து அதைத் தள்ளினேன். துடைத்தால் கை அசையும், அவள் பார்த்துவிடுவாள். அவள் அடுத்ததைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். காலையில் எழுந்ததும் சில நாள் பல் எல்லாம் கூசும், தூக்கத்தில் கடித்துக்கொண்டே இருந்திருப்பேன் போல என்றாள். கணிதம் பிடிக்கும், கணிதத்தால் வருவதில்லை, ஆனால் தேர்வு மண்டபத்தின் மின்விசிறிச் சத்தம் கேட்டால் வயிற்றில் ஒரு கதவு திறந்துகொள்கிற மாதிரி இருக்கிறது என்றாள். குரல் நடுங்கவில்லை. நெடுநாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த ஒன்றைக் கடைசியில் சத்தமாகச் சொல்கிற குரல். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எது எங்கே தொடங்கி எந்த வழியாகப் போகிறது என்று, நான் தினமும் போகிற சாலையை நான் சொல்வதுபோல் சொன்னாள்.

பட்டர்வொர்த்துக்கு இடப்பக்கம் பிரியும் வழி வந்தது. கைப்பையில் கைப்பேசி அடித்தது, அவள் அத்தையாகத்தான் இருக்கும். திரும்புவதற்கான இண்டிகேட்டர் விளக்குப் போட்டால் டக் டக் என்று அந்தச் சத்தம் கேட்கும், அவள் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. விளக்குப் போடவில்லை. புக்கிட் மெர்தாஜாம் என்று எழுதியிருந்த பலகையின் கீழ் நேராகவே போனேன்.

"மா, வழி அங்க," என்றாள்.

"தெரியும். நீ சொல்லு," என்றேன்.